குறையாத ஆயில்

மூன்று வாரமாக ஜீப்பு ஆயில் குடிக்கவில்லை. குடிக்காதது மட்டுமில்லை, ஆயில் பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தால் மேல் கோட்டையும் தாண்டி இரண்டு விரல்கடை நின்றது. முன்பெல்லாம் வாரத்துக்கு அரை லிட்டர் ஊற்றினால்தான் அந்த வண்டி மலை ஏறும். இருபத்தாறு வருஷத்து ஜீப்பு. செங்கோடன் இதை மலைமேல் வாழவந்தி நாட்டு டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லியும் ஆயிற்று. "எஞ்ஜீப்பு குமரியாயிருச்சு போ!" என்றார். கேட்டவர்கள் சிரித்துவிட்டு டீயைக் குடித்தார்கள். அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லிவிட்டு அவர் வாயில் விழுந்து எழுந்திருக்க எவனுக்கும் தெம்பில்லை.

அன்றைக்கு அவர் அடிவாரத்துக்கு இறங்கியது மகளைக் கூட்டி வர. அம்சவேணிக்குத் தலைப்பிரசவம். பெண் குழந்தை. பிறந்து ஆறு நாள் ஆகியிருந்தது. தையல் போட்ட உடம்பு என்பதால் பின்பக்கம் நீள சீட்டில் மெத்தை விரித்து அவளைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். குழந்தையைச் செங்கோடனின் பெண்டாட்டி வேலம்மாள் மடியில் வைத்திருந்தாள். புதுசாய்ப் பிறந்த பிள்ளை முதல் தடவை வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்வதற்குள் வாசப்படி தாண்டிவிட வேண்டும். அது அவர்கள் வழியில் உள்ள வழக்கம். வேலம்மாள் ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள், மணி என்ன, மணி என்ன என்று.

மலையடிவாரத்துக் காரவள்ளியில் முன் சக்கரத்துக்குக் காற்றுப் பிடிக்கத்தான் வண்டியை நிறுத்தினார். ரியாசுதீன் பட்டறை. நாற்பது வயது ஆள், அவன் தகப்பன் காலத்திலிருந்தே மலை வண்டிகளைப் பார்க்கிற இடம். காற்றுக் குழாயைக் கையில் எடுத்தவன் சக்கரத்தைப் பார்க்காமல் வண்டியின் பின்னால் போய் நின்றான்.

"ஏனுங்க கவுண்டரே, பொகை வெள்ளையா வருதே. எத்தனை நாளா?"

"பொகை வராம எஞ்சினு பூவா விடும்? காத்தைப் புடிங்க பாய்."

"பானட்டைத் தூக்குங்க, ஒரு பார்வை பாத்தர்றேன்."

"ஆயில் சரியா இருக்குது. மூணு வாரமா குறையறதே இல்லை."

ரியாசுதீன் திரும்பிப் பார்த்தான். "அதாங்க எனக்குப் பயமா இருக்குது."

அவனே பானட்டைத் தூக்கினான். கம்பியை உருவி மூக்குக்கு நேரே பிடித்தான். விரலில் தொட்டுத் தேய்த்தான். பழைய செய்தித்தாள் ஒன்றைக் கிழித்து அதில் ஒரு சொட்டு விட்டுப் பிடித்துக்கொண்டான். நடுவில் கறுப்பாய் நின்றது. அதைச் சுற்றி வெளுப்பாய், எண்ணெய்ப் பலகாரம் வைத்த காகிதம் போல, ஒரு வளையம் விரிந்துகொண்டே போனது.

"இந்த வளையம் ஆயில் இல்லீங்க. டீசல். பம்பு சீல் போயிருக்குது. டீசல் கொஞ்சம் கொஞ்சமா ஆயிலுக்குள்ள எறங்கிட்டே இருக்குது. ஆயில் குறையலைன்னு நீங்க நெனச்சிட்டு இருக்கறீங்க. அது குறைஞ்சுதான் போச்சு. அந்த எடத்துல டீசல் நிக்குது."

செங்கோடன் காகிதத்தைப் பார்த்தார். ரியாசுதீன் முகத்தைப் பார்த்தார். பட்டறைக்காரன் கண்ணுக்கு நோயில்லாத வண்டி என்று ஒன்று உண்டா? காற்றுக்கு வந்தவனை வண்டியோடு பிடித்து வைக்கப் பார்க்கிறான்.

"இருந்துட்டுப் போவுது. மலை ஏறுனா சூட்டுல ஆவியாப் போயிரும்."

"போவாதுங்க."

"போவாதா? நீங்க எனக்குச் சொல்றீங்களா? எம்பைக்குல போன வருசம் பெட்ரோல் ஆயிலுக்குள்ள எறங்கிப் போச்சு. நானே கண்டுபுடிச்சேன். எந்தப் பட்டறைக்கும் போவலை. நாமக்கல்லு வரைக்கும் ஒரே மூச்சா ஓட்டிட்டுத் திரும்பி வந்து பாத்தேன். வாசமும் இல்லை, மட்டமும் எறங்கிப்போச்சு. வெண்ணெயைக் காச்சுனா தண்ணி போயி நெய்யி நிக்கறதில்ல? அந்தக் கணக்குத்தான்."

"பைக்குல நீங்க செஞ்சது சரிங்க. அது பெட்ரோலு. இது டீசலு." ரியாசுதீன் இரண்டு பாட்டில்களை எடுத்து வந்தான். முற்றத்தில் வெயிலில் கிடந்த தகரத்தின் மேல் இங்கே ஒரு சொட்டு, அங்கே ஒரு சொட்டு விட்டான். தகரம் தொட்டால் சுடும். பெட்ரோல் சொட்டு விரிந்தது, ஓரம் சுருங்கியது, காணாமல் போனது. டீசல் சொட்டு விழுந்த இடத்தில் கொழுப்பு மாதிரி மினுங்கிக்கொண்டு கிடந்தது. இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அது போவதாக இல்லை.

"அது தகரம். இது எஞ்சினு" என்றார் செங்கோடன்.

"எஞ்சினுக்குள்ள ஆயில் காயற சூடு டீசலுக்குப் பத்தாதுங்க. நீங்க எவ்வளவு ஏறுனாலும் அது போவாது. இன்னும் எறங்கத்தான் செய்யும். மட்டம் ஏற்கெனவே தலைக்கு மேல நிக்குது. மேட்டுல வண்டி சாயறப்ப அது பொங்கி, காத்துப் போற குழாய் வழியா எஞ்சினுக்குள்ளயே போயிருச்சுன்னா, அப்புறம் வண்டி அதையே குடிச்சிட்டு ஓடும். உங்க காலுக்கும் கட்டுப்படாது, சாவிக்கும் கட்டுப்படாது." ரியாசுதீன் குரலைத் தணித்துக்கொண்டான். "பச்சப் புள்ளை இருக்குது. நாலு மணி பஸ்ஸுல போயிருங்க. வண்டியை விட்டுட்டுப் போங்க, நாளைக்குச் சாயங்காலம் தாரேன்."

பின்னாலிருந்து அம்சவேணி கூப்பிட்டாள். "அப்பா, பஸ்ஸுலயே போயிரலாமுங்களே."

"பஸ்ஸு மேல போயிச் சேர ஆறு மணியாவும். அங்கிருந்து நம்ம ஊடு நடக்கற தூரமா, தையல் போட்ட உடம்போட? புள்ளையை இருட்டுக்குள்ளயா கொண்டு போறது? ஏ வேலம்மா, நீ சொல்லு."

வேலம்மாள் குழந்தையையும் வெயிலையும் மாறி மாறிப் பார்த்தாள். "பொழுதோட போனாத் தேவலைதான்..." என்று இழுத்தாள்.

அந்த இழுப்பு போதும் அவருக்கு. ரியாசுதீன் ஜீப்பின் முன்னால் ஒரு கணம் நின்றான். வழியை மறிக்கிற மாதிரி. பிறகு அவனாகவே ஒதுங்கினான். செங்கோடன் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். சக்கரத்துக்குக் காற்றும் பிடிக்கவில்லை.

முதல் பத்து வளைவு சும்மா போனது. வண்டி ஏறின ஏற்றத்தைப் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது. செங்கோடன் காது மட்டும் எஞ்சினிலேயே இருந்தது. காயட்டும், நன்றாகக் காயட்டும் என்று இரண்டாவது கியரிலேயே அழுத்திப் போனார். வழக்கமாகப் பதினைந்தாவது வளைவில் ஓரங்கட்டி எஞ்சினை ஆறப்போடுவார். அன்றைக்கு ஆறப்போடவில்லை. சட்டி சூடாக இருக்கும்போது அடுப்பை அணைப்பானா ஒருத்தன்?

இருபத்தைந்தாவது வளைவு தாண்டியதும் வேலம்மாள் மூக்கைச் சுளித்தாள். "ஏனுங்க, என்னமோ கரிஞ்ச நாத்தம் வருதுங்க."

"டீசலு ஆவியாப் போவுது. அதான் நாத்தம்."

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கும் அது புது நாற்றமாகத்தான் இருந்தது. கண்ணாடியில் பார்த்தார். பின்னால் ரோடு தெரியவில்லை. வெள்ளையும் நீலமுமாகப் புகை வளைவை அடைத்துக்கொண்டு நின்றது. அம்சவேணி முந்தானையால் குழந்தையின் முகத்தை மறைத்தாள்.

"அப்பா, நிறுத்துங்க. புள்ளைக்கு மூச்சு முட்டுது."

"அடுத்த வளைவுல நிறுத்தறேன் கண்ணு. அங்க எடம் இருக்குது."

முப்பத்தெட்டாவது வளைவு இடப்பக்கம் ஒடிந்து செங்குத்தாக ஏறும். வண்டி மூக்கைத் தூக்கியது. வளைத்து முடித்து நேராக்கியதும், ஓரங்கட்டுவதற்காகச் செங்கோடன் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார்.

சத்தம் இறங்கவில்லை.

பெடல் மாட்டிக்கொண்டதோ என்று குனிந்து பார்த்தார். பெடல் மேலே வந்து சும்மா நின்றது. காலை எடுத்துத் தரையில் வைத்திருக்கிறார், எஞ்சின் ஏறுகிறது. இரைச்சல் கூடிக்கூடிக் கீச்சென்று வந்தது. ஜீப்பு இரண்டாவது கியரில் இருந்தபடியே முன்னால் பாய்ந்தது. அடுத்த வளைவு எண்பது அடி தூரத்தில். அதன் வெளிப்பக்கம் இடுப்புயரக் கட்டைச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ஆகாசம்.

எஞ்சினை அணைக்கிற குமிழை இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. முழுசாகப் பிடுங்குகிற மாதிரி இழுத்தார். சாவியைத் திருகி உருவியே விட்டார். சாவி கையில் இருக்கிறது, வண்டி ஓடுகிறது! முப்பத்தோரு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர், அந்த மாதிரி ஒன்றை அவர் பார்த்ததில்லை.

இரண்டு காலாலும் மிதித்தார், கிளட்ச்சு ஒன்றில், பிரேக்கு ஒன்றில். ஜீப்பு குலுங்கி நின்றது. ஆனால் பாரம் விட்டுப்போன எஞ்சின் பேய் பிடித்ததுபோல் அலறியது. பானட்டு அதிர்ந்தது. ஸ்டியரிங் கையை உதறியது. உள்ளே எது எப்போது உடைந்து வெளியே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. கை பிரேக்கை இழுத்தார். அந்த வண்டியில் அது பேருக்குத்தான். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி பின்னால் உருளும். கிளட்ச்சை விட்டால் முன்னால் பாயும். முன்னால் பள்ளம், பின்னாலும் பள்ளம். நடுவில் அவருடைய இரண்டு கால்.

"எறங்குங்க! புள்ளையைத் தூக்கிட்டு எறங்குங்க!"

அவர் கத்தியது அவருக்கே கேட்கவில்லை. வேலம்மாளுக்கும் கேட்கவில்லை. ஆனால் அவர் கழுத்து நரம்பைப் பார்த்து அவளுக்குப் புரிந்துவிட்டது. பின் கதவின் கொக்கி வெளிப்பக்கம். குழந்தையை மகள் கையில் கொடுத்துவிட்டுக் கதவின் மேலே வயிறு படக் கவிழ்ந்து, கையைத் தொங்கவிட்டுத் துழாவினாள். கொக்கி சிக்கிக்கொண்டது. கல்லெடுத்துத் தட்டினால்தான் திறக்கிற கொக்கி அது, சரி பண்ண வேண்டும் என்று அவள் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. வளையலைக் கழற்றி அதால் ஓங்கி அடித்தாள். மூன்றாவது அடியில் கதவு விழுந்தது. அதோடு அவளும் ரோட்டில் விழுந்தாள்.

எழுந்து கையை நீட்டினாள். அம்சவேணி குழந்தையைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு ஒரு காலை எடுத்து வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். குதிக்க முடியாது அவளால். சீட்டைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து, நகர்ந்து, ஒவ்வொரு காலாகத் தொங்கவிட்டாள். செங்கோடன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். வலது கால் நடுங்க ஆரம்பித்திருந்தது. அறுபத்தேழு வயசுக் கால். பெடல் ஒரு அரிசியளவு மேலே வந்தது. ஜீப்பு ஒரு சாண் பின்னால் நகர்ந்தது. பின்னால், சக்கரத்துக்கு நேராக, அவருடைய மகள் தரையில் காலூன்றிக்கொண்டிருந்தாள்.

பல்லைக் கடித்து மிதித்தார். நின்றது.

"மலைப்பக்கம் போங்க! பின்னால நிக்காதீங்க! முன்னால போங்க!"

அவர் கை காட்டியதைப் பார்த்து அவர்கள் மலைப்பக்கத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டு வண்டியைத் தாண்டி மேலே போனார்கள். வேலம்மாள் மட்டும் குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். மலைக்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரோட்டோரம் கிடந்த கல்லை இரண்டு கையாலும் உருட்டி வந்து பின் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தாள். மற்றொரு கல்லை அடுத்த சக்கரத்துக்கு. கொடுத்துவிட்டு அவர் பக்கத்துக்கு ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்களும் எறங்குங்க! போனாப் போவுது சனியன்!"

இறங்கலாம். கல் இருக்கிறது. ஆனால் கிளட்ச்சிலிருந்து கால் எடுபட்டதும் வண்டி கியரில் பாயும். அவர்கள் நிற்கிறது முன்னால். கியரை நடுவில் தள்ளிவிட்டு இறங்கினாலும், அலறுகிற எஞ்சின் வெடித்து இரும்பு தெறிக்கும். தையல் போட்ட உடம்போடு மகள் எவ்வளவு தூரம் ஓடியிருப்பாள்?

புதுசாக வண்டி பழகுகிறவன் எஞ்சினை எப்படி அணைப்பான்? தப்பான கியரைப் போட்டுக் கிளட்ச்சைப் பட்டென்று விடுவான். வண்டி ஒரு குதி குதித்து அணையும். அவர் எத்தனை பேரை அதுக்காக வைதிருக்கிறார்!

"போடி அந்தப் பக்கம்!" என்று பெண்டாட்டியைப் பிடித்துத் தள்ளினார். ஸ்டியரிங்கை மலைச்சுவர்ப் பக்கம் முழுசாக ஒடித்தார். கியரை நாலில் போட்டார். பிரேக்கின் மேல் எழுந்து நின்றுகொண்டு கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தார்.

ஜீப்பு துள்ளியது. தலை கம்பியில் மோதியது. பிரேக்கையும் மீறிச் சக்கரம் ஒரு முழம் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் இடித்தது. கிளட்ச்சுத் தட்டு எரிகிற நாற்றம் மூக்கைப் பிளந்தது. இரைச்சல் இறங்கியது, திணறியது, மறுபடி ஏறப் பார்த்தது. சாகமாட்டேன் என்றது. இன்னொரு தரம் கிளட்ச்சை மிதித்து விட்டார். இந்த முறை அடியில் எதுவோ முறிகிற மாதிரி ஒரு இடி. பிறகு ஒன்றுமில்லை.

பறவை கத்துவது கேட்டது. அதற்கப்புறம்தான் குழந்தை அழுவது கேட்டது. வெகு நேரமாக அழுதிருக்க வேண்டும்.

செங்கோடன் இறங்கினார். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அடியில் பார்த்தார். எஞ்சினுக்கு அடியில் ரோட்டில் ஆயில் வழிந்தோடியது. ஆயில் என்றால் கம்பியில் சொட்டு நின்று யோசித்து விழும். இது தண்ணியாய்ப் பாய்ந்தது. குனிந்து தொட்டார். தோல் பொசுங்கியது. சட்டையில் துடைத்துவிட்டு முகர்ந்தார். சுத்தமாக டீசல் வாடை. முப்பத்தெட்டு வளைவுச் சூட்டிலும் அது போகவில்லை.

அம்சவேணி சுவரோரம் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுக்கத் தொடங்கியிருந்தாள். அவர் பக்கத்தில் போனார்.

"கண்ணு, உனக்கு அடி கிடி..."

"கிட்ட வராதீங்கப்பா. உங்க மேல டீசல் நாத்தம்."

தள்ளி நின்றார். பஸ்ஸு வர ஒரு மணி நேரம் ஆனது. அம்சவேணி குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். வேலம்மாள் முழங்கை சிராய்ப்பில் எச்சில் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் அவரைத் திட்டவில்லை. அவருக்குத் திட்டு வாங்கியிருந்தால் தேவலை. திட்டுக்குத் திருப்பித் திட்டத் தெரியும்.

பஸ்ஸு வந்து நின்றது. படியில் ஏறப்போன அம்சவேணி திரும்பினாள்.

"அந்தப் பாய் சொன்னதை நானும் கேட்டுட்டுத்தான் இருந்தேன். எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. அப்பா சொன்னா சரியா இருக்கும்னு உக்காந்திருந்தேன். இனிமே அப்படி உக்கார மாட்டேனுங்க."

அவர் ஜீப்பிலிருந்து மெத்தையை எடுத்து வேலம்மாளிடம் கொடுத்தார். கண்டக்டர் "நீங்க ஏறலையா?" என்றான். வண்டிக்குக் காவல் வேண்டும் என்றார். பஸ்ஸு போனது.

அந்த வளைவில் டவர் ஒரு கோடு கிடைத்தது. பட்டறைக்குப் போன் போட்டார். ரியாசுதீன் முதல் மணியிலேயே எடுத்தான்.

"கொழந்தை எப்படிங்க?"

ஹலோ இல்லை, வண்டி என்ன ஆச்சு இல்லை.

"நல்லாருக்குது. பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டேன்."

"அல்ஹம்துலில்லாஹ். நீங்க?"

"இருக்கறேன். முப்பத்தெட்டுல நிக்கறேன். டீசலு போவலை பாய்."

"சரி உடுங்க. கயிறு எடுத்துட்டு வாரேன். வண்டியைத் தொடாம இருங்க."

"கழட்டறப்ப நான் பக்கத்துல நிப்பேன்."

ரியாசுதீன் சிரித்தான். "நில்லுங்க. ஸ்பேனரை எடுத்துக் குடுக்க ஆளு வேணுமில்ல?"

வெயில் எதிர்மலைக்கு மேலே ஏறிப் போய்விட்டது. இந்தப் பக்கம் நிழல். செங்கோடன் சக்கரத்துக் கல்லைக் காலால் உதைத்துப் பார்த்தார், இன்னொரு கல்லும் சேர்த்து வைத்தார். போன் அடித்தது. வேலம்மாள். தெரிந்தவர் வண்டி ஒன்றில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார்களாம், பிள்ளை தூங்குகிறதாம். பொழுதைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

கீழே ஒரு வண்டி ஏறி வரும் சத்தம் கேட்டது. செங்கோடன் அந்த எஞ்சினைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே நின்றார். ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுகிறவன் காலை எடுத்தான். எடுத்ததும் சத்தம் தணிந்தது.